அசிஸ்ட் தளம்: கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் மாறுவோருக்கு ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவில் முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்துக்கோ கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகத்துக்கோ மாறிப் பட்டத்தை முடிக்கலாம். 1960-இல் வந்த உயர்கல்வி மாஸ்டர் பிளான் போட்டுக்கொடுத்த பாதை இது. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு யூனிட் எனப்படும் பாட அலகு ஒன்றுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுகளின் 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். பணக்கணக்கு அவ்வளவுதான். பாடக்கணக்கில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே படித்த கால்குலஸ் அங்கே எந்தக் கால்குலஸாக எண்ணப்படும், இங்கே எடுத்த இயற்பியல் அங்கே செல்லுமா என்ற கேள்விக்கு அதிகாரபூர்வமான விடை ஒரே இடத்தில்தான் கிடைக்கும்: அசிஸ்ட் டாட் ஆர்க்.

இலவசத் தளம். கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அது சொல்வதை முழுமையாக நம்பலாம். ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ‘இடம் கிடைக்குமா’ என்ற கேள்விக்கும் அதில் விடை இருப்பதாக நினைத்துத் திட்டம் போடுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

முகப்பில் கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, போக விரும்பும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தால், எந்தக் கோர்ஸ் எதற்கு ஈடு என்று இரண்டு இடங்களும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வரும். அவற்றை மேஜர் (முதன்மைப் பாடம்) வாரியாகவோ துறை வாரியாகவோ பார்க்கலாம். மாறப்போகிறவர் பார்க்க வேண்டியது மேஜர் வாரியான பக்கத்தை. துறை வாரியான பக்கத்தில் அந்தத் துறையின் எல்லாக் கோர்ஸ்களும் வரிசையாக வந்துவிடும். அவற்றில் உங்கள் பட்டத்துக்கு எது தேவை என்று அங்கே தெரியாது.

ஒப்பந்தப் பக்கத்தின் இடப்புறம் பல்கலைக்கழகத்தின் கோர்ஸ், வலப்புறம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான கோர்ஸ். முதல்முறை பார்ப்பவர்கள் பலர் தங்கள் கல்லூரிப் பெயரைத் தேடி வலப்புறத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துவிடுகிறார்கள். எப்போதும் இடப்புறத்திலிருந்து தொடங்குங்கள். தேவை என்ன என்பது அங்கேதான் இருக்கிறது. மேலே உள்ள பத்திகளையும் தாண்டிப் போகாதீர்கள். எந்தக் கோர்ஸ்கள் சேர்க்கைக்கே கட்டாயம், எவை பரிந்துரை மட்டும், குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) எவ்வளவு, எந்தக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்பதைப் பல யூசி வளாகங்கள் அந்தப் பத்திகளில்தான் எழுதுகின்றன. அட்டவணையை மட்டும் படித்தால் கட்டாயமும் பரிந்துரையும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டு கோர்ஸ்களுக்கு நடுவே ‘அண்ட்’, ‘ஆர்’ என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் அடி பலமாக விழும். யூசி சான் டியேகோவில் நேரியல் இயற்கணிதம் மேத் 18, வகைக்கெழுச் சமன்பாடுகள் மேத் 20டி. இரண்டும் தனித்தனி. ஆனால் சில கம்யூனிட்டி காலேஜ்கள் இந்த இரண்டையும் ஒரே கோர்ஸாகச் சேர்த்து நடத்துகின்றன, சில பிரித்து நடத்துகின்றன. உங்கள் கல்லூரி எந்த வகை என்பதைப் பொறுத்து, வலப்புறத்தில் ஒரே கோர்ஸ் இரண்டு இடத்துக்கும் ஈடாக வரலாம். அல்லது இடப்புறத்தின் ஒரு கோர்ஸுக்கு வலப்புறத்தில் இரண்டு கோர்ஸ்கள் ‘அண்ட்’ போட்டு வரலாம். ‘அண்ட்’ என்றால் இரண்டையும் முடித்தால்தான் ஈடு. ஒன்றை முடித்து ஒன்றை விட்டால் பாதி மதிப்பும் கிடையாது.

இயற்பியல், வேதியியல், கால்குலஸ் போன்ற தொடர் கோர்ஸ்களில் இன்னொரு கண்ணி உண்டு. மூன்று இயற்பியல் கோர்ஸ்களும் சேர்ந்து அங்கே உள்ள மூன்றுக்கு ஈடு என்று தொகுப்பாக எழுதியிருந்தால், அந்த மூன்றையும் ஒரே கல்லூரியில் முடிப்பதுதான் பாதுகாப்பு. முதல் கோர்ஸை ஒரு கல்லூரியிலும், வசதியான நேரம் கிடைத்தது என்று இரண்டாவதை அடுத்த ஊர்க் கல்லூரியிலும் எடுப்பவர்கள் அதிகம். இரண்டு கல்லூரிகளும் தலைப்புகளை வேறுவேறு இடத்தில் வெட்டியிருக்கும். வெப்பவியல் ஒன்றில் முதல் கோர்ஸில் வரும், மற்றொன்றில் மூன்றாவதில் வரும். கடைசியில் ஏதோ ஒரு தலைப்பு இரண்டு முறை வந்திருக்கும், இன்னொன்று வந்தே இருக்காது. ஒப்பந்தமும் பொருந்தாது.

ஆண்டை இரண்டு பருவமாகப் பிரிக்கும் செமஸ்டர் கல்லூரியும் மூன்றாகப் பிரிக்கும் குவார்ட்டர் கல்லூரியும் கலந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை. ஓலோனி, மிஷன், டயாப்லோ வேலி போன்றவை செமஸ்டர் முறை. ஒரு செமஸ்டர் யூனிட் 1.5 குவார்ட்டர் யூனிட் என்ற கணக்கு யூனிட்டுக்குத்தான் செல்லும், பாடத்துக்குச் செல்லாது. இரண்டு செமஸ்டரில் நடத்தும் கால்குலஸை குவார்ட்டர் கல்லூரி மூன்று துண்டாக நடத்தும். இரண்டு துண்டோடு நிறுத்திவிட்டுச் செமஸ்டர் கல்லூரிக்குப் போனால் எந்த வகுப்பில் சேர்வது என்பதே பிரச்சினையாகிவிடும். தொடரை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியுங்கள். தனித்து நிற்கும் கோர்ஸ்களை, உதாரணமாக உளவியல் அறிமுகம், அமெரிக்க அரசியல், புள்ளியியல் ஆகியவற்றை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இனி கல்வியாண்டு. எந்த மேஜரானாலும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களின் பட்டியலுக்கும் யூசியில் செல்லுமா என்ற பட்டியலுக்கும், நீங்கள் அந்தக் கோர்ஸை எடுத்த ஆண்டின் நிலைதான் செல்லும். மேஜர் ஒப்பந்தத்துக்கு வெளிவந்தவற்றில் மிகச் சமீபத்தியதைப் பாருங்கள். புதிய ஆண்டின் ஒப்பந்தம் சில வளாகங்களுக்கு வந்திருக்கும், சிலவற்றுக்கு வந்திருக்காது. வராதபோது முந்தைய ஆண்டின் பக்கத்தைப் பயன்படுத்துவதுதான் வழக்கம். புதியது வந்ததும் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் பதிவுக்கு முன்பும் அன்றைய ஒப்பந்தத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, பெயரில் தேதியையும் போட்டு வையுங்கள்.

2025 இலையுதிர் பருவத்திலிருந்து கோர்ஸ் எண்களும் மாறத் தொடங்கியிருக்கின்றன. 2021-இல் நிறைவேறிய ஏபி 1111 சட்டத்தின்படி எல்லாக் கம்யூனிட்டி காலேஜ்களிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் வர வேண்டும். முதல் கட்டமாக ஆங்கிலத்தில் சி1000, சி1001, மேடைப்பேச்சு, புள்ளியியல், உளவியல், அமெரிக்க அரசியல் ஒவ்வொன்றிலும் சி1000 என்று ஆறு கோர்ஸ்கள் பொது எண்ணுக்கு மாறின. பழைய ஆண்டின் பக்கத்தில் பழைய எண்ணும் புதிய ஆண்டின் பக்கத்தில் புதிய எண்ணும் இருக்கும். எண் மாறியதால் இரண்டும் வேறு கோர்ஸ் என்று நினைத்து மறுபடி எடுத்துவிடாதீர்கள். நல்ல தேர்ச்சி பெற்ற கோர்ஸைத் திரும்ப எடுத்தால் யூசி இரண்டாவது முறைக்கு யூனிட் தராது.

‘யூசியில் செல்லும்’ என்பதும் ‘யூசியின் இந்தக் கோர்ஸுக்கு ஈடு’ என்பதும் இருவேறு விஷயங்கள். செல்லும் என்றால் யூனிட் கணக்கில் சேரும், அவ்வளவே. மேஜருக்குத் தேவையான கோர்ஸின் இடத்தை நிரப்ப ஈடு வேண்டும். கால் ஸ்டேட்டில் செல்லும் கோர்ஸ் எல்லாமே யூசியிலும் செல்லும் என்றில்லை. வேலைத்திறன் சார்ந்த கோர்ஸ்கள் பல இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. கல்லூரிப் பட்டியலில் ‘டிரான்ஸ்ஃபரபிள்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதிந்துவிடாமல், எதற்கு டிரான்ஸ்ஃபரபிள் என்று அசிஸ்டில் உள்ள யூசி பட்டியலிலும் பாருங்கள். அங்கேயே ‘இரண்டில் ஒன்றுக்கே யூனிட்’ போன்ற கட்டுப்பாடுகளும் குறித்திருக்கும்.

வலப்புறத்தில் ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று வந்தால் பதறத் தேவையில்லை. உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அது கட்டாயக் கோர்ஸ் இல்லையென்றால் மாறிய பிறகு அங்கேயே எடுக்கலாம். கட்டாயம் என்றால் பக்கத்துக் கல்லூரிகளில் ஈடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இங்கேதான் தளம் நம்மைச் சோதிக்கிறது. ஒரு கல்லூரிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தை மட்டுமே ஒரு நேரத்தில் காட்டும். ஐந்து யூசி வளாகங்களை மனத்தில் வைத்திருப்பவர் ஐந்து பக்கங்களைத் திறந்து தானே ஒப்பிட வேண்டும். நீண்ட அட்டவணையைத் தொலைபேசியில் படிப்பது கடினம், கணினியில் பாருங்கள். எளிய மாற்று ஒன்று உண்டு. ஒரு விரிதாளில் வரிசைக்குப் பாடம், நெடுக்கைக்கு வளாகம் என்று போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் கல்லூரியின் கோர்ஸ் எண்ணை நிரப்புங்கள். எல்லா நெடுக்கையிலும் வரும் கோர்ஸ்களை முதலில் எடுங்கள். ஒரே வளாகம் மட்டும் கேட்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் அசிஸ்டில் கிடையாது. தனியார் பல்கலைக்கழகமான யூஎஸ்சி தன் ஈட்டுப் பட்டியலைத் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது.

அசிஸ்ட் சொல்லாத இன்னொன்று, எதற்குப் பின் எதை எடுப்பது என்ற வரிசை. பொறியியலுக்கு இதுதான் உயிர்நாடி. முதல் கால்குலஸை முடித்தோ கூடவே எடுத்தோதான் இயற்பியல் தொடரில் நுழைய முடியும். முதல் செமஸ்டரில் கால்குலஸ் தொடங்கி இரண்டாவதில் இயந்திரவியல், மூன்றாவதில் மின்னியல், நான்காவதில் மூன்றாம் இயற்பியல் என்றால் நான்கு செமஸ்டரும் இடைவெளியின்றி நிரம்பிவிடும். ஏதாவது ஒன்றில் இடம் கிடைக்காமல் போனால், சிறிய கல்லூரிகளில் மூன்றாம் இயற்பியல் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால், முழு ஆண்டு தள்ளிப்போகும். 4 யூனிட் கோர்ஸ் வீணானால் இழப்பு 184 டாலர். ஆண்டு தள்ளிப்போனால் இழப்பு அதைவிடப் பல மடங்கு. ப்ரீகால்குலஸிலிருந்து தொடங்குபவர்கள் கோடைப் பருவத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். இலையுதிர்ச் சேர்க்கைக்கு யூசி கேட்கும் 60 செமஸ்டர் யூனிட்டும் ஆங்கிலம், கணிதம் உள்ளிட்ட ஏழு கோர்ஸ் தொகுப்பும் அதற்கு முந்தைய வசந்த பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். சேர்வதற்கு முன் வரும் கடைசிக் கோடையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பொதுக்கல்விக்கு 2025 இலையுதிர் முதல் தொடங்குபவர்களுக்குக் கால்-கெட்சி என்ற ஒரே தொகுப்பு வந்துவிட்டது. ஏபி 928 சட்டத்தின் பலன் இது. யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொருந்தும். 11 கோர்ஸ், 34 யூனிட், ஒவ்வொன்றிலும் குறைந்தது சி மதிப்பெண். மேடைப்பேச்சும் இனவியல் கல்வியும் இதில் அடக்கம். அதற்கு முன் தொடங்கி இடைவிடாமல் படிப்பவர்கள் பழைய பொதுக்கல்வித் தொகுப்பான ஐ-கெட்சியையே முடிக்கலாம். ஆனால் பொறியியல், கணினி, உயிரியல் பக்கம் போகிறவர்கள் பொதுக்கல்வியை முடித்துவிட்டு மேஜர் கோர்ஸைப் பிறகு பார்க்கலாம் என்று இருப்பது தலைகீழான ஏற்பாடு. சேர்க்கையை முடிவு செய்வது மேஜருக்கான முன்தயாரிப்பு. விடுபட்ட பொதுக்கல்வியை அங்கே போய் எடுக்கலாம். விடுபட்ட இயற்பியலோடு விண்ணப்பித்தால் அங்கே போகவே முடியாமல் போகலாம்.

‘இடம் கிடைக்குமா’ என்ற கேள்விக்கு யூசியின் தகவல் மையத் தளத்தில் ‘டிரான்ஸ்ஃபர்ஸ் பை மேஜர்’ என்ற அட்டவணை இருக்கிறது. வளாகம், மேஜர் வாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் ஜிபிஏ எந்த வீச்சில் இருந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. மாநிலவாசிகளுக்கு யூசியின் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4. அந்த எண்ணையும் இந்த அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணினி அறிவியல் போன்ற மேஜர்களுக்குக் குறைந்தபட்சம் என்பது வாசற்படி மட்டும்தான் என்று உடனே புரியும்.

யூசியின் இன்னொரு கருவி டேப் எனப்படும் சேர்க்கைத் திட்டமிடும் தளம். இதில் கணக்குத் தொடங்கி, முதல் செமஸ்டரிலிருந்தே கோர்ஸ், மதிப்பெண், யூனிட் ஆகியவற்றைப் பதிந்து வரலாம். பதிவதற்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பயன் பெரிது. டேக் எனப்படும் சேர்க்கை உத்தரவாதத்துக்கு விண்ணப்பிக்கும் வழியும் இதுவே. டேக் தருபவை டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் கேட்கலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும் திறந்திருக்கும். கேட்கும் ஜிபிஏ வளாகத்துக்கு வளாகம் வேறுபடும். தேவை அதிகமுள்ள சில மேஜர்களுக்கு டேக் கிடையவே கிடையாது என்பதால் அந்த ஆண்டின் டேக் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் எண்ணத்தை முடிவு செய்ய வேண்டும்.

டேக் கைக்கு வந்தும் இடம் பறிபோவதற்குக் காரணங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான். டேக் கொடுத்தாயிற்று என்று யூசி விண்ணப்பத்தையே போடாமல் விடுவது. டேக்கில் ஒரு மேஜரும் விண்ணப்பத்தில் வேறு மேஜரும் போடுவது. படித்த கல்லூரி ஒன்றைக் குறிப்பிட மறப்பது. வசந்த பருவத்தில் ஒரு கோர்ஸைக் கைவிட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பது. விண்ணப்பம் இலையுதிரில் போட்ட பிறகு ஜனவரியில் கல்விநிலைப் புதுப்பிப்பு ஒன்று கேட்பார்கள். கெடு ஜனவரி 31. இலையுதிர் மதிப்பெண்களையும் வசந்தத் திட்டத்தையும் அதில் நிரப்பாதவர்களின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம். அதன்பின் எந்த மாற்றம் வந்தாலும் அந்த வளாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். யூசிக்கு மாறுபவர்கள், மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் குறிக்கும் பாஸ்–நோ பாஸ் முறையில் எடுக்கும் கோர்ஸ் 14 செமஸ்டர் யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதையும் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள்.

கால் ஸ்டேட் பக்கம் ஏடிடி என்ற மாறுதல் பட்டம், 2010-இன் எஸ்பி 1440 சட்டத்தின் வழி வந்தது. 60 யூனிட்டில் இங்கே பட்டம், அங்கே இன்னும் 60 யூனிட்டில் இளநிலைப் பட்டம் என்பது அதன் வாக்குறுதி. நல்ல திட்டம். ஆனால் உத்தரவாதம் கால் ஸ்டேட் அமைப்புக்குத்தான். நீங்கள் கேட்கும் வளாகத்துக்கு அல்ல. எல்லா மேஜர்களுமே நிரம்பி வழியும் சான் ஹோசே ஸ்டேட் போன்ற இடத்துக்கு ஏடிடி மட்டும் போதாது. எந்த வளாகம் உங்கள் ஏடிடியை எந்த மேஜருக்கு ஒப்புக்கொள்கிறது என்று பார்த்த பிறகே அதில் இறங்குங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் கோர்ஸ் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எத்தனை யூனிட் சேர்த்தாலும், பள்ளி முடித்து நேரே பல்கலைக்கழகம் போகிறவர் முதலாண்டு மாணவராகத்தான் விண்ணப்பிப்பார். ஆனால் அந்த மதிப்பெண்கள் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) நிரந்தரமாக நிற்கும். பின்னாளில் மாறுதல் வழியில் வந்தால் பத்தாம் வகுப்பில் எடுத்த அந்த ஒரு டி மதிப்பெண்ணும் ஜிபிஏ கணக்கில் வரும். சமாளிக்க முடியாத வகுப்பை, டபிள்யூ (பாதியில் விலகியதைக் காட்டும் குறி) விழாமல் விலகும் கெடுவுக்கு முன்பே விட்டுவிடுவது நல்லது.

இந்தியாவில் ஓராண்டு படித்துவிட்டு வந்தவர்கள், வேறு மாநிலத்தில் சில கோர்ஸ் முடித்தவர்கள் அசிஸ்டில் தேடிப் பயனில்லை. அவற்றை மதிப்பிடுவது சேரப்போகும் பல்கலைக்கழகம். அதற்குத் தேவைப்படுவது ஒவ்வொரு கோர்ஸின் பாடத்திட்டம்: வாரவாரியான தலைப்புகள், பாடநூலின் பெயர், ஆய்வக மணிநேரம் ஆகியவை உள்ள முழுத் தாள். இங்கே எடுக்கும் கோர்ஸுக்கும் அதே விதிதான். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஏற்கச் சொல்லி, சேர்ந்த பிறகு துறையிடம் மனுப் போடும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். கோர்ஸ் முடிந்ததும் பாடப்பக்கத்தைக் கல்லூரி மூடிவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். உங்கள் கல்லூரியின் கோர்ஸ் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியது விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றினால், கவுன்சிலரிடம் கேட்டுவிட்டு அங்கேயே நிற்காதீர்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஆர்ட்டிகுலேஷன் அலுவலர் ஒருவர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தோடு பேசி ஒப்பந்தத்தைச் சேர்ப்பதும் திருத்துவதும் அவர் பொறுப்பு. கோர்ஸ் எண், பல்கலைக்கழகத்தின் கோர்ஸ் எண், இரண்டின் பாடத்திட்டம் ஆகியவற்றோடு அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்.